கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கிளட்ச் செட்டின் விலையைக் கேட்டு யாரும் அரண்டு போவதில்லை. அதை மாட்ட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்று சொல்லி மெக்கானிக் கூலிக் கணக்கை நீட்டும்போதுதான் தலை சுற்றும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும்.

ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் கூடுதல். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம் என்றால் பரவாயில்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும், கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீளமான சட்டத்தையும் கழற்றினால் கியர்பாக்ஸ் இறங்கிவிடும். போர்ஷே 944, கார்வெட் சி5 போன்றவற்றில் கிளட்ச் முன்னால் இன்ஜினோடும் கியர்பாக்ஸ் பின்சக்கரத்தருகிலும் இருக்கும். நடுவில் இரண்டையும் இணைக்கும் டார்க் ட்யூப் என்ற நீளமான குழாய். கிளட்சைத் தொட சைலன்சர் குழாய், கியர்பாக்ஸ், டார்க் ட்யூப் எல்லாம் வழிவிட வேண்டும். கிளட்ச் அதே கிளட்ச்தான், கூலி மட்டும் பல மடங்கு.

அதனால் என் ஒரே விதி இதுதான்: கோளாறு பெல் ஹவுசிங்குக்கு, அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்கு, வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் கியர்பாக்ஸில் கைவைக்கக் கூடாது. வெளியே என்றால் பெடல், கேபிள், ஃப்ளூயிட், சிலிண்டர், ஹோஸ். பெரும்பாலும் அரை நாள் வேலை. உள்ளே என்றால் இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல், அதோடு ஒட்டிப் பிடிக்கும் டிஸ்க், டிஸ்க்கை அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஆயில் சீல். கீழே உள்ள அறிகுறிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

எதற்கும் முன்னால் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். தடிமனான கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டு, பெடல் முழுசாக இறங்கவிடாமல் தடுப்பது நிஜமாகவே நடக்கிறது.

பெடல் தரையோடு போய்விடுகிறது, அல்லது மெத்தென்று அமுங்குகிறது

இது அநேகமாக ஹைட்ராலிக் கோளாறு. டிஸ்க் எவ்வளவு தேய்ந்தாலும் அதனால் பெடல் தரையில் விழாது. பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பாவைப் பகிர்ந்துகொள்ளும், ஆகவே இங்கே கசிவு என்றால் பிரேக்கையும் சேர்த்துக் கவலைப்பட வேண்டும்.

பெடலை ஐந்தாறு முறை வேகமாக மிதியுங்கள். மிதிக்க மிதிக்க அழுத்தம் திரும்பி வந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. அடுத்து டப்பாவில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும். மேலே ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பினால் பாதி வழியில் அதே கதை.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. பெடலுக்கு மேலே, மிதியை ஃப்ளூயிட் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி உள்ளே வரும் இடத்தில் விரலால் தடவுங்கள். ஈரமோ, கீழே கம்பளத்தில் கறையோ இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், அந்த அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரிந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஃப்ளூயிட் தேங்கியிருந்தால் விடை கிடைத்தாயிற்று. எம்எக்ஸ்-5 பழைய ரகங்களில் இது மிகச் சாதாரணம். மலிவான பாகம், வெளியிலிருந்தே மாற்றலாம். மூன்றாவது, ரப்பர் ஹோஸ். பழசானால் உள்ளுக்குள் உப்பிக்கொள்ளும். ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் அது விரிவது தெரியும்.

கசிவு எங்கும் தென்படவில்லை, ஆனால் அளவு குறைகிறது, பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து ஃப்ளூயிட் சொட்டுகிறது என்றால் கெட்ட செய்தி. உங்கள் காரில் ஸ்லேவ் சிலிண்டர், கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையம் போல பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே அமைந்திருக்கலாம். நிஸான் 370இசட்டில் அப்படித்தான். அது பழுதானால் பெடல் முன்னறிவிப்பே இல்லாமல் தரையில் படுத்துவிடும் என்று அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். டிஸ்க் புத்தம் புதுசாக இருந்தாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே சீலைத் தாண்டி விடுவதும் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, கியரில் வைத்தபடி அப்படியே பிடித்திருங்கள். அரை நிமிடத்தில் கார் மெல்ல முன்னே நகரப் பார்த்தால் அழுத்தம் கசிகிறது. இதைச் சமதரையில், முன்னால் இடம் விட்டு, பிரேக்கில் கால் வைத்துச் செய்யுங்கள்.

கசிவே இல்லையென்றால் ஃப்ளூயிட்டை முழுசாக மாற்றி ஏர் எடுங்கள், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். டாட் 4 வகை ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். பிரேக் ஃப்ளூயிட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுபவர்கள்கூட கிளட்ச் லைனை மறந்துவிடுவார்கள். கருத்துப்போன ஃப்ளூயிட் வெளியே வந்தால் அந்த லைனை நெடுநாளாக யாரும் தொடவில்லை என்று பொருள். கார்வெட் சி5 ரகத்தில் அதிக ஆர்பிஎம்மில் கியர் மாற்றும்போது பெடல் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும் தொல்லை பிரபலம். பலர் முதலில் செய்வது ஃப்ளூயிட்டை மாற்றுவதுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த ஃப்ளூயிட் பெயின்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் பெடலைத் தாங்கும் பிராக்கெட்டையும் பாருங்கள். அதன் வெல்டிங் விரிசல் விடும். பெடல் பக்கவாட்டில் ஆடுவது, மிதிக்கும்போது கிரீச்சிடுவது அதன் அடையாளம். கிளட்ச் போய்விட்டது என்று நினைத்துக் கியர்பாக்ஸை இறக்குவதற்கு இதைவிட வருத்தமான காரணம் இருக்க முடியாது.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. அணைந்திருக்கும்போதும் விழவில்லை என்றால் கியர் லீவரின் இணைப்புகளைப் பாருங்கள், கிளட்சை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், குறிப்பாகக் குளிர்ந்த நிலையில் இரண்டாவது, அது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையமான சிங்க்ரோவின் தேய்மானம். புது கிளட்ச் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு: நியூட்ரலில் கிளட்சை மிதித்து ஐந்தாறு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அத்தனை விநாடிக்குப் பிறகும் பற்கள் உரசினால் டிஸ்க் இன்னும் இன்ஜினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கிறது.

இதற்கும் முதல் சந்தேகம் ஹைட்ராலிக்தான். ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக நகர்ந்தால் கோளாறு வெளியே. சரியாக நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் உள்ளே: ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், டிஸ்க் முறுக்கியிருக்கலாம், இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம்.

செகண்ட் ஹாண்ட் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய ஒன்று இதில் உண்டு. மாதக்கணக்கில் உறை போர்த்தி நிறுத்தி வைத்த கார்களில் டிஸ்க் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் அழுத்தம் சரியாக இருக்கும், கியர் மட்டும் விழாது. இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, முன்னால் நிறைய காலியிடம் உள்ள இடத்தில் கிளட்சை மிதித்தபடி இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்து, விட்டு விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பெரும்பாலும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கார் உடனே நகரும் என்பதால் சந்து, சுவர், மனிதர் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். விடுபட்ட பிறகு சில நாள் நடுக்கம் இருக்கும், துரு தேய்ந்ததும் போய்விடும்.

இன்ஜின் ரேஸ் ஆகிறது, வண்டி பிக்கப் எடுக்கவில்லை

கிளட்ச் ஸ்லிப் ஆவது, அதாவது முழுசாகப் பிடிக்காமல் வழுக்குவது, உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில்தான் முதலில் தலைகாட்டும். காலியான சாலையில் நான்காவது கியரில் 2000 ஆர்பிஎம் அளவில் ஓட்டி ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் ஸ்லிப். டர்போ காரில் டர்போ அழுத்தம் ஏறும் அந்தக் கணத்தில் இது தெளிவாகத் தெரியும். சாலை வசதி இல்லையென்றால் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில், 1500 ஆர்பிஎம் வைத்து கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும் கருகும்.

ஸ்லிப் என்றதும் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது சரிதான். ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றும் முன் வெளியே பார்க்க இரண்டு இடம் பாக்கி இருக்கிறது.

கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் அசையும் முன் பெடல் சும்மா நகரும் தூரம், இருக்கிறதா பாருங்கள். டிஸ்க் தேயத் தேய ஃப்ரீ பிளே குறைந்து, கிளட்ச் பிடிக்கும் இடம் பெடலின் மேல் பக்கம் ஏறிவரும். ஃப்ரீ பிளே பூஜ்யமானால் நீங்கள் எப்போதும் அரைக் கிளட்சில் கால் வைத்து ஓட்டுவதற்குச் சமம். கேபிளைத் தளர்த்தியதும் ஸ்லிப் நின்றால் அதுவரைக்கும் லாபம்.

ஹைட்ராலிக் என்றால் சூடான பிறகு மட்டும் ஸ்லிப் ஆகிறதா என்று கவனியுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பிக்கும் கொஞ்சம் ஃப்ரீ பிளே வேண்டும். அது இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஃப்ளூயிட் போக வழியின்றி கிளட்சை லேசாக அழுத்திப் பிடிக்கும். உள்ளே அடைபட்ட ஹோஸும் இதையே செய்யும். ஸ்லிப் ஆகும் நேரத்தில் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றெடுக்கும் திருகான பிளீட் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஃப்ளூயிட்டை வெளியேற்றுங்கள். அதோடு ஸ்லிப் மறைந்தால் டிஸ்க் பேரில் குற்றமில்லை.

பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் கிளட்ச் லைனில் ஒரு தாமத வால்வு இருக்கும். காலைச் சட்டென்று எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகத்தான் பிடிக்கும். வேகமாகக் கியர் மாற்றும்போது மட்டும் ஒரு கணம் ரேஸ் ஆகி, மற்ற நேரம் ஒழுங்காக இழுத்தால் அந்த வால்வின் வேலையாக இருக்கலாம்.

இதையெல்லாம் தாண்டியும் ஸ்லிப் ஆனால் உள்ளேதான். தேய்மானமா ஆயிலா என்பது முக்கியம். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்து டிஸ்க் நனைந்திருந்தால், சீலை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். விரலில் ஒட்டுவது இன்ஜின் ஆயிலா, கனமான கந்தக வாடை அடிக்கும் கியர் ஆயிலா என்று மோந்து பார்த்தால் எந்தச் சீல் என்பதும் தெரிந்துவிடும்.

முந்தைய உரிமையாளர் இன்ஜினை ட்யூன் செய்து டார்க் ஏற்றியிருந்தால் நல்ல டிஸ்க்கும் வழுக்கும். அப்போது அதே கம்பெனி கிளட்சைத் திரும்பப் போட்டுப் பயனில்லை. ஒன்று ட்யூனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் கனமான பிரஷர் பிளேட். நெரிசலில் இடது கால் என்ன பாடுபடும் என்று யோசித்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

சத்தம்

நியூட்ரலில், பெடலைத் தொடாமல் கேளுங்கள். பிறகு மெல்ல மிதித்துக் கேளுங்கள். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது ஃப்ளைவீல் ஆட்டம். முழுசாக மிதித்து கியரில் வைத்திருக்கும்போது மட்டும் கீச்சென்றால் பைலட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். டொயோட்டா ஜிடி86, சுபாரு பிஆர்இசட் ஜோடியில் ரிலீஸ் பேரிங்கும் ஃபோர்க்கும் சேர்ந்து குருவி மாதிரி கீச்சிடுவது எல்லோரும் அறிந்த தொல்லை. கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் உடனே நடுவழியில் நிறுத்திவிடும் ரகம் அல்ல. அடுத்த கிளட்ச் வேலை வரைக்கும் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

இன்ஜினை அணைக்கும்போதும் மிகக் குறைந்த ஆர்பிஎம்மிலும் கடகடவென்று அடித்தால், இரண்டு பகுதிகளை ஸ்பிரிங்கால் இணைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீலின் உள் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஆனால் முந்தையவர் எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல் போட்டிருந்தாலும் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும். அது பழுதல்ல, அந்தப் பாகத்தின் சுபாவம். விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய போர்ஷே 944இல் திடீரென்று ஒரு பெரிய இடி, அதன்பின் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் டங், டங் என்றால் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. பதிலுக்கு ஸ்பிரிங் வைத்த டிஸ்க்கையே போடுவது வழக்கம்.

கிளம்பும்போது நடுக்கம்

காலையில் முதல் ஓரிரு தடவை மட்டும் நடுங்கி நின்றுவிட்டால் ஈரத்தால் வந்த மேல்துரு, விட்டுவிடுங்கள். எப்போதும் நடுங்கினால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களை முதலில் பாருங்கள். அவை வெளியே இருக்கின்றன, மலிவு. அவை நன்றாக இருந்தால் உள்ளே ஆயில் பட்ட டிஸ்க், அல்லது சூட்டில் நீலம் பாய்ந்த ஃப்ளைவீல்.

நாற்றம், கனத்த பெடல்

மேட்டில் ரிவர்ஸ் எடுத்த பிறகு ஒருமுறை கருகல் வாடை வந்தால் ஆறவிட்டு ஓட்டுங்கள். சாதாரண ஓட்டத்தில் வந்தால் மேலே சொன்ன ஸ்லிப் சோதனை. ஹைட்ராலிக் கிளட்சில் தேய்மானம் பெடலின் உயரத்தில் தெரியாது. பெடல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துவருவதில்தான் தெரியும். அதே காரையே ஓட்டுபவருக்கு அது உறைக்காது. வாங்கப் போகும் உங்களுக்கு உறைக்கும்.

பெடலே இல்லாத கார்

ஃபெராரி 360, லம்போர்கினி கல்லார்டோ போன்றவற்றில் ஸ்டீயரிங்கை ஒட்டிய பேடில் நெம்புகோலால் கியர் மாற்றும் ரகங்களிலும் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான். அதை மிதிப்பது ஹைட்ராலிக் பம்ப். இவற்றில் டயக்னாஸ்டிக் கருவியைச் சொருகினால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மதிப்பீடு கிடைக்கும். வாங்கும் முன் அந்தக் கணக்கைக் கேட்காதவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். அளவீட்டை மறுபடி அமைத்து எண்ணைக் குறைத்துக் காட்ட முடியும் என்பதால் ஓட்டியும் பாருங்கள்.

செலவு: எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

கியர்பாக்ஸ் இறங்கியபின் கணக்கு தலைகீழாகிறது. அதுவரை ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்கக் கூடாது. இறங்கியபின், அந்த இடத்தில் இருக்கும் மலிவான பாகங்களை விட்டுவைக்கக் கூடாது, ஏனென்றால் கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக. பைலட் பேரிங், இரண்டு ஆயில் சீல், ஃபோர்க்கின் தாங்குமுனை, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஃப்ளைவீல் போல்ட்டுகள். ஸ்லேவ் சிலிண்டர் உள்ளே இருக்கும் ரகமென்றால் பேச்சே வேண்டாம், புதுசு. போர்ஷேயின் 986 பாக்ஸ்டர், 996 ரக 911 கார்களில் இன்ஜினின் இடைஷாஃப்ட் பேரிங்கை எட்டுவதற்கும் இதே வழிதான். அது உடைந்தால் இன்ஜினே போகும் என்பதால் கிளட்ச் வேலையோடு சேர்த்துச் செய்வதுதான் நடைமுறை.

பில்லில் தொகை எகிறுவது ஃப்ளைவீலில். ஒற்றை ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சீராக்கலாம், குறைந்த செலவு. டூயல் மாஸ் பொதுவாக அப்படி ஆகாது; ஆட்டம் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் புதுசுதான், பல கார்களில் அது முழு கிளட்ச் செட்டைவிட விலை அதிகம். கிரீஸ் கசியாமல், நீலத் திட்டு இல்லாமல், ஆட்டம் அளவுக்குள் இருந்தால் அதையே திரும்பப் போடலாம். எதற்கும் மாற்றிவிடுவோம் என்று சொல்பவரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டை இரண்டாக எழுதி வாங்குங்கள்: ஃப்ளைவீலோடு ஒன்று, ஃப்ளைவீல் இல்லாமல் ஒன்று. கூலி எத்தனை மணிநேரம் என்று தனியாகக் கேளுங்கள். ஒருவர் மற்றவர்களைவிடப் பாதி விலை சொன்னால் பாகங்களின் பட்டியலைப் பாருங்கள்; பெரும்பாலும் பேரிங்கோ சீலோ காணாமல் போயிருக்கும். பழைய பாகங்களைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்திருக்கிறதா, ஆயிலில் ஊறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். செகண்ட் ஹாண்ட் காருக்குத் தரும் வாரண்டியில் கிளட்சைத் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம், கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். வாங்கும் முன்பே ஸ்லிப் தெரிந்தால் டிஸ்க் விலையை அல்ல, கூலி உட்பட முழு எஸ்டிமேட்டை வைத்து பேரம் பேசுங்கள்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். மிகப் பழைய கார்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். டிஸ்க்கில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். டிஸ்க் சறுக்கி உட்காரும் பற்களான ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், மிச்சம் லைனிங்கில்தான் தெறிக்கும். மாட்டும்போது கியர்பாக்ஸின் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் புது டிஸ்க் அங்கேயே வளைந்துவிடும், பிறகு முதல் நாளிலிருந்தே கியர் விழாது.

மாட்டி முடித்ததும் முதல் 500 முதல் 800 கி.மீ. வரை நிதானம். நகரத்துக்குள் நின்று நின்று போகும் ஓட்டம் நல்லது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போகும் தூரத்தை இதில் சேர்க்காதீர்கள், அங்கே கிளட்ச் வேலையே செய்வதில்லை. முதல் வாரம் ஃப்ளூயிட் அளவையும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையையும் இரண்டு மூன்று தடவை பாருங்கள். புதிதாகப் போட்ட சீல் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேதான் முதலில் தெரியும், மெக்கானிக் தன் வேலைக்குப் பொறுப்பேற்கும் காலமும் அப்போது தீர்ந்திருக்காது.